முப்பத்தைந்து டாலர் அலறல்

அக்டோபர் கடைசி வாரம்
எங்கள் கட்டடத்தின் நிலவறையில்
துணி உலர்த்தும் எந்திரங்கள் ஒன்பது மணிக்கே ஓய்ந்துவிடும்.
அவற்றின் மேல் படுக்கை விரிப்பைக் கட்டுவேன்.
மூன்று மூலைக்குத்தான் கிளிப் இருக்கிறது.
நான்காவது மூலை
மிச்சிகன் ஏரிக் காற்றுக்கு.

மில்வாக்கியில் பேருந்து பழுதுபார்ப்பவன் நான்.
கிரீஸ் மணக்கும் விரலால் புரொஜெக்டரைத் திருகுவேன்.
எல்லாம் கறுப்பு வெள்ளை.
அந்தக் காலத்துப் பேய்களுக்கு அவசரமே கிடையாது.
கதவைத் திறக்க ஒரு நிமிடம்,
படியிறங்க இரண்டு.
அதற்குள் சோளப்பொரி வாங்கி வந்துவிடலாம்.

உப்பு ஆலையில் முட்டையிடும் ராட்சத அந்துப்பூச்சி.
சனிக் கிரகத்துத் தட்டு:
அதைத் தொங்கவிட்ட கம்பி தெரிந்ததும்
தபால்காரர் கஸிமிர் எழுந்து நின்று
"கம்பி! கம்பி!" என்று கைதட்டுவார்,
வருடா வருடம்,
தானே கண்டுபிடித்தது போல.
கணவனின் கடைசி மூச்சை
ஊறுகாய் ஜாடியில் அடைத்த பெண் விஞ்ஞானி.
அந்தப் படம் ஓடும்போது மட்டும்
மூன்றாம் மாடி ஹெட்விக்
தன் துணியை மடிக்கத் தொடங்கிவிடுவாள்.

இந்தப் படங்கள் எல்லாவற்றிலும்
ஒரே அலறல்.
முகங்கள் வேறு வேறு:
பொன்முடி, கருமுடி, ஒருத்திக்குக் கண்ணாடி.
வாய் திறந்ததும் வருவது ஹெட்விக்.

பத்தொன்பது வயதில்
கலிஃபோர்னியா ஸ்டூடியோ ஒன்றில் தட்டச்சுக்காரி.
நாயகிக்குத் தொண்டை கட்டியிருந்த ஓர் ஆகஸ்ட் மதியம்
"நீ கத்துவாயா?" என்று கேட்டார்களாம்.
மெத்தை ஒட்டிய அறை. மின்விசிறி நிறுத்தம்.
அரக்கனை நினைத்துக்கொள் என்றார்கள்.
"நான் நினைத்தது வாடகையை" என்பாள்.
ஒரே டேக்.
கையெழுத்து. முப்பத்தைந்து டாலர்.
அதில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள், சிவப்பு,
அதுவும் கடித்தது.

பிறகு அந்தக் குரலை
நாடாவிலிருந்து வெட்டி வெட்டி ஒட்டினார்கள்.
பதினோரு படம் என்பது அவள் கணக்கு.
பன்னிரண்டு என்பார் கஸிமிர்;
மெழுகுக் கை படத்தில் கதவுக்குப் பின்னால் கேட்பதும்
அவள்தானாம்.
"அது கீல்" என்பாள் ஹெட்விக்.
இந்தச் சண்டைக்கு ஆறு வயது.

போன வருடம்
எந்திரத்தின் அடியிலிருந்து ஒரு சுண்டெலி ஓடிவந்து
அவள் காலில் ஏறியது.
நாங்கள் அத்தனை பேரும் கத்தினோம்.
கஸிமிர் மேசைமேல்.
அவள் அசையவில்லை.
காலை உதறிவிட்டுச் சொன்னாள்:
"என்னுடையதை விற்றுவிட்டேன்."
சிரித்தோம்.
சிரிப்பு அடங்குவதற்குள்,
பொரியில் உப்புக் குறைவு என்பதைச் சொல்கிற குரலில்:
"ஆர்விட் சமையலறையில் விழுந்தபோது
வாயைத் திறந்தேன்.
ஒன்றும் வரவில்லை.
கெட்டில் மட்டும் கூவிக்கொண்டிருந்தது."

அதற்குப் பிறகு
அலறல் வரும் இடங்களை மனப்பாடம் செய்துகொண்டேன்.
நாயகி கைவிளக்கை உயர்த்தினால்
ஒலியைக் குறைப்பேன்,
அவளுக்குத் தெரியாமல், என்று நினைத்துக்கொண்டு.

இன்றிரவு அந்துப்பூச்சிப் படம்.
வாசலில் மிட்டாய் முடிந்துபோய்
பேட்டரியும் நாணயமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.
அலுமினியத் தாள் சுற்றிய விண்வெளி வீராங்கனை ஒருத்தி,
இரண்டாம் மாடி டெல்ஃபின்,
தலைக்கவசத்தோடு முன்வரிசையில் தூங்கிவிட்டாள்.
விரிப்பின் நான்காம் மூலை படபடக்க
பூச்சிக்கு இன்னொரு சிறகு முளைக்கிறது.
உப்புக் குவியல் சரிகிறது.
கைவிளக்கு உயர்கிறது.
என் விரல் திருகியில்.

"கூட்டு" என்றாள் ஹெட்விக்,
பின்னால் திரும்பாமலே.
"முழுசா."

கூட்டினேன்.

எந்திரத்தின் மூடிகள் அதிர்ந்தன.
எங்கோ மேலே ஒரு நாய்,
அதற்கு மேலே இன்னொன்று.
டெல்ஃபின் எழுந்து கவசத்தைக் கழற்றி
"யாரது?" என்றாள்.

ஹெட்விக் கையை உயர்த்தினாள்,
வகுப்பில் வருகைப் பதிவுக்கு உயர்த்துவது போல.
மறு கையில் ஜோடி கிடைக்காத ஒரு காலுறை.