ஆயிரம் சொத்தை

வியாசர்பாடியில் என் பட்டறைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
வாஷர் மேரி என்றால்
சத்தியமூர்த்தி நகர் திருப்பத்திலேயே ஆட்டோ நிற்கும்.
பலகையோடு படம் கேட்டது படிவம்.
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு பிளெக்ஸ்,
'மோட்சமேரி ரப்பர் ஒர்க்ஸ்'.
ஆணி இல்லை. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடிக்க
எடுத்தாகிவிட்டது.
அவர்கள் விரல் மட்டும் படத்தில்.

கணேசபுரம் சப்வேயில் தண்ணீர்.
சுற்றிக்கொண்டு கிண்டி போய்ச் சேர்ந்தபோது
சமோசா தீர்ந்திருந்தது, நீல ஃபைல் இருந்தது.
செயற்கை நுண்ணறிவு வாங்கும் சிறுதொழிலுக்குப்
பாதிப் பணம் அரசு தரும் என்றார் அதிகாரி.
கைதட்டினோம்.
முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் கட்ட வேண்டும் என்றார்.
கை பாதியில் நின்றது.
வரியிலும் சலுகை உண்டாம்,
லாபத்தில் கழித்துக்கொள்ளலாமாம்.
லாபம் எந்த கவுன்ட்டரில் சார் என்று
பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.
நானாகவும் இருக்கலாம்.

மிஷின் மூன்று அறுபது.
ஐந்து லட்சம் சீட்டை ஒன்று நாற்பது தள்ளி எடுத்தேன்.
அரசு தரப்போவது ஒன்று எண்பது.
கழித்துப் பாருங்கள், எனக்கு நாற்பதாயிரம்.
மிச்சம், சீட்டுக்காரி கமிஷன் போக,
இட்லிக்கடை குணவதிக்கு, பஞ்சர் ஒட்டும் ஷபீருக்கு,
கூடக் கட்டிய அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்த
செயற்கை நுண்ணறிவு மானியம்.
அவர்களிடம் யாரும் பலகை கேட்கவில்லை.

மிஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
பெல்ட்டுக்கு மேல் ஒரு கேமரா, பக்கத்தில் ஒரு பெட்டி.
ஓடுகிற வாஷரில் நல்லது கெட்டது பார்க்கும்.
பூட்ட வந்த பையன் சொன்னான்:
"கெட்டதைக் காட்டினால்தான் மேடம்
அதற்குக் கெட்டது தெரியும்.
ஆயிரம் சொத்தை வேணும், வகைவகையா."

எங்களிடம் இருந்தது அறுபத்திரண்டு.
மற்றதெல்லாம் காயலான் கடைக்குப் போயாயிற்று.

பிரஸ்ஸில் நிற்கும் தேசப்பனிடம் சொன்னேன்.
"இன்னாக்கா, வேணும்னே சொத்தை போடணுமா?"

போன ஆடியில் ஒரு கூடை கருகியதற்கு
அவன் ஒருநாள் கூலியைப் பிடித்தவள் நான்.
அவன் அதைச் சொல்லவில்லை.
சூட்டை ஏற்றினான், இறக்கினான்.
அச்சில் பீடிச் சாம்பல் தட்டினான்.
தலைமுடி ஒன்றைப் பிடுங்கி
ரப்பரில் வைத்து அமுக்கினான்.
மூன்று நாள்.
அவன் பாட்டு முணுமுணுப்பான் என்பதே
எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஆயிரத்துப் பதினொன்று. எண்ணி வைத்தான்.
மூன்று நாள் கூலியோடு அந்த ஒருநாளையும் வைத்தேன்.
நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினான்,
என்னைப் பார்த்தான், சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்றார் ஆடிட்டர்.
பயிற்சிச் செலவு என்றேன்.

இப்போது மயிரிழைக் கீறலும் தப்பாது.
சிவப்பு வட்டம் போட்டு இதோ இங்கே என்கிறது.

ஐந்தாம் மாதம் பதில் வந்தது.
'ஆவணம் சரியில்லை. விண்ணப்பம் திருப்பப்படுகிறது.'
கொடுத்தது பதினேழு தாள்.
எந்தத் தாளில், எந்த மூலையில்?
வட்டம் போட அங்கே ஆளில்லை.

விளையாட்டுக்குப் பதினேழையும்
பெல்ட்டில் ஓட்டினான் தேசப்பன்.
ஆதார் சொத்தை. கரண்ட் பில் சொத்தை.
சீட்டுப் பணத்தில் கட்டிய ரசீதும் சொத்தை.
வாஷராக இல்லாத எதுவும் அதற்குச் சொத்தைதான்,
சிரித்தோம்.
பலகைப் படம் வந்தபோது மட்டும்
ஓரத்தில் தெரிந்த விரலைச் சுற்றி
வட்டம் போட்டது.

"என் கட்டைவிரல்க்கா" என்றான்.

பத்தாம் தேதி சீட்டுத் தவணை.
நாலு அங்குல ஆணி வாங்க
அவனை அனுப்பியிருக்கிறேன்.