அடிக்கோடு

அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு எதிர்வரிசை,
ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில்
என் மேசை.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
பிழை என்னுடையதென்றால் திருத்தக் காசில்லை.

திங்கட்கிழமை ஒரு கட்டோடு வந்தார் வக்கீல்.
மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு
மானம் நஷ்டம்.
எதிரி: பச்சியண்ணன், வயது நாற்பத்தொன்று,
லோடு ஆட்டோ, சீலநாயக்கன்பட்டி.
எதிரி என்பது கோர்ட்டுப் பாஷை.
ஆளை நான் பார்த்ததில்லை.
குற்றம்: வண்டியின் பின்கதவில்
மஞ்சள் பெயிண்டில் இரண்டு வரி.

மந்திரி வர்றாரு குழி மூடுது
அடிக்கடி வாங்க

புகார்ப்படி நடந்தது இது.
கோடை விழாவுக்கு முந்தின ராத்திரி
கோரிமேட்டிலிருந்து அடிவாரம் வரை
மூன்று வருஷத்துக் குழிகள் விடிவதற்குள் நிரம்பின.
தார் ஆறுமுன் கார்கள் வந்தன.
மலையேறும் வண்டிகளையெல்லாம் போலீஸ் ஓரங்கட்டியது,
இந்த ஒன்றைத் தவிர.
இதில் இருந்தவை கண்காட்சிக்கான டேலியாத் தொட்டிகள்,
கண்ணாடியில் விழாக் குழுவின் பாஸ்.
ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி.
ஒன்பதாவதில் பின்னால் வந்து சேர்ந்தவருக்கு
கடைசி வளைவு வரை
வேறெதையும் படிக்க வழியில்லை.

குரங்குக்குக் கடலை போட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம்
முதலில் ஆட்டோவைப் படித்தது
அப்புறம் காரைப் பார்த்தது
அப்புறம் சிரித்தது.
புகாரில் அது ஏழாம் பத்தி.

"அவதூறான வார்த்தைக்கு அடிக்கோடு போட்டுடும்மா."
எந்த வார்த்தைக்கு சார்?
மந்திரி, அது பதவி.
வர்றாரு, வந்தார், போட்டோ இருக்கிறது.
குழி மூடுது, கான்ட்ராக்டர் பில் போட்டிருக்கிறார்.
அடிக்கடி, வெறும் வினையடை.
வாங்க, மரியாதைப் பன்மை.
வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
உதவியாளருக்குப் போன் போட்டார்.
அந்தப் பக்கம் அவர் யாரிடமோ கேட்டு
யாரோ கத்தி
பதில் வர ஒரு டீ நேரம் ஆனது:
"சிரிச்சாங்க இல்ல, அதுக்குப் போடு."

சட்டத்தில் பேச்சுரிமை ஒரே வரி.
அதற்குக் கீழே வருகிற ஆனால்
ஒரு பத்தி.
எதை அடித்தால் விரல் வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

நானும் எழுதியவள்தான்.
கிச்சிப்பாளையத்தில் மழை பெய்தால்
சாக்கடை எங்கள் அடுப்படிக்கு வந்து
சிலிண்டரைச் சுற்றி நிற்கும்.
உயர்திரு. பணிவான வணக்கம். தாழ்மையுடன்.
தாங்கள் கருணைகூர்ந்து.
நல்ல தாளில், ஒரு ஒற்றுப்பிழை இல்லாமல்,
மூன்று வருஷத்தில் பதினாலு மனு.
ரசீதெல்லாம் பத்திரமாக இருக்கிறது.
படித்தவர் எவருமில்லை.
பச்சியண்ணனுக்கோ
பன்னிரண்டு வளைவு தூரம்
ஓர் அமைச்சரே வாசகராகக் கிடைத்தார்.
பொறாமையா என்றால்,
கொஞ்சம்.
பயம் அதைவிடக் கொஞ்சம் கூட.

ஆட்டோவைப் பிடித்துவைத்து
அந்த வரிமேல் நீலம் பூசிவிட்டார்களாம்.
ஆனால் அதைச் சொல்லாமல் புகார் நகராது.
ஒரு பிரதியில் ஒன்பது இடம்.
ஆறு பிரதி.
பின்கதவில் ஒருமுறை இருந்தது
இப்போது ஐம்பத்துநாலு முறை,
சாயங்காலத்துக்குள் கோர்ட் முத்திரையும் விழும்.
ஜெராக்ஸ் பையன் சூடாக எடுத்து நீட்டினான்
உதட்டைக் கடித்துக்கொண்டு.
அவனுக்கும் அடிக்கோடு போடவேண்டுமா என்று
நான் கேட்கவில்லை.

அதற்கு முன்னால் ஒன்று செய்திருந்தேன்.
பழக்க தோஷம்,
அவர் வரியை அடித்து முடித்ததும்
கை தானாக ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.
இணைப்பிலிருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
அவர் வைக்கவில்லை.
ஒன்பது இடத்துக்கும் போய்
ஒவ்வொன்றாக எடுத்தேன்
காசு கேட்காமல்