ஈரத்தில் ஒட்டுவது

பகலெல்லாம் பல் கட்டுகிற வேலை.
அயனாவரத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே
பெயர்ப்பலகை இல்லாத ஒரு லேப்.
அங்கே பாடம் ஒன்றுதான்:
ஈரம் இருந்தால் ஒட்டாது.
காற்றடி, துடை, மறுபடி காற்றடி,
பிறகுதான் பசை.

ராத்திரி பதினொன்றுக்கு
முழங்கை வரை உப்புத்தண்ணீரில் விட்டு
அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படிக்கிறேன்.

கடல் இங்கிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர்.
இருந்தும் கேன் தண்ணீரில்
ஜெர்மனி உப்பைக் கரைக்கிறேன்.
"என்னக்கா, கடலு வத்திப்போச்சா?"
கேன் போடும் ஜெயசீலன்
படியிறங்கிக்கொண்டே சிரிக்கிறான்.
அவனிடம் எப்படிச் சொல்ல,
காசிமேட்டுத் தண்ணீரை ஒரே ஒரு முறை ஊற்றி
மூன்று இறால்களை
துளசித் தொட்டியில் புதைத்த கதையை.

கொளத்தூரில் வாங்கிய துண்டுகள்
கட்டைவிரல் நகத்தளவு.
பச்சைப் பொத்தான் பவளம், ஆறு வாய்,
ஆறும் மூடி உம்மென்று.
அடிப்பாகத்தைத் துணியில் ஒற்றி
பட்டாணியளவு பசைக் கூழ் வைத்து
தண்ணீருக்குள் கொண்டுபோய்
பாறையில் அழுத்தி, லேசாகத் திருகி,
முப்பது வரை எண்ண வேண்டும்.
ஈரம் பட்டால்தான் இறுகுமாம் இந்தப் பசை.
லேபில் சொன்னால் முதலாளி நம்பமாட்டார்.
பத்தொன்பதில் மூக்கு அரித்தது.
அரிக்கட்டும்.

காளான் பவளம்தான் படியவில்லை.
வெண்டைக்காய் வழுவழுப்பில் சளி கக்கி
பசையைச் சட்டை கழற்றுவதுபோல் கழற்றிவிட்டு
பம்ப் தள்ளிய பக்கமெல்லாம் போய்
வடிகட்டி மூலையில் கவிழ்ந்து கிடந்தது.
மறுபடி.
மறுபடி.
நாலாம் தரம் நூல் போட்டுக் கட்டினேன்.
விடிந்து பார்த்தால்
பாறையில் நூல் மட்டும்,
முடிச்சு அவிழாமல்.

கடைக்காரர் டெல்ஃபின் போனில் சொன்னார்:
"ஒட்டாதீங்க மேடம்.
டீ கிளாஸ்ல உடைஞ்ச கல்லு போட்டு அதுல விடுங்க.
மேல கொசுவலைத் துண்டு ஒண்ணு கட்டி
உள்ள ஒரு ஓரமா வெச்சிடுங்க.
அப்புறம் தொடவே தொடாதீங்க."
எத்தனை நாளைக்கு?
"அதத்தான் கேக்கணும்."

ஐந்தாம் நாள், கத்திரி வெயில் முடியாத இரவு,
தெருவே இருண்டது.
உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைத்
தொட்டியில் மிதக்கவிட்டு
பேட்டரிக் குழாயின் குமிழிச் சத்தத்துக்குப் பக்கத்தில்
தரையில் உட்கார்ந்திருந்தேன்.
வீட்டுக்காரர் சம்பந்தமூர்த்தி டார்ச்சோடு வந்தார்.
"என்னம்மா சத்தம், ஆணி அடிக்கிறீங்களா?"
இல்லை சார், மீனுக்குக் காற்று.
டார்ச் வெளிச்சம் நாலு சுவரையும் தடவிப் பார்த்து
திருப்தியாகக் கீழிறங்கியது.
பதினொரு மாத ஒப்பந்தம்.
காலண்டர்கூட நாற்காலியில்தான் சாய்ந்திருக்கிறது.
இது இந்தத் தொட்டிக்கு நாலாவது வீடு.

பன்னிரண்டாம் நாள் பொறுக்காமல் வலையைத் தூக்கினேன்.
கொண்டைக்கடலையளவு கல் ஒன்றின்மேல்
குடை விரித்திருந்தது காளான்.
எடுத்தேன். கல்லும் கூட வந்தது.
கவிழ்த்தேன்.
கல் விழவில்லை.
அத்தனை கற்களில் அது ஏன் என்று
எனக்குத் தெரியவில்லை.
கோணலான கல், ஒரு பக்கம் ஓட்டை வேறு.

அதற்கப்புறம் என் வேலை சுலபம்.
கல்லைக் கல்லோடு ஒட்டுவதுதானே,
பசைக்குத் தெரிந்ததே அதுதான்.

காலையில் லேப் வாசலில்
வருகைப்பதிவு இயந்திரம்
என் கட்டைவிரலை மூன்று முறை திருப்பி அனுப்பியது.
ரேகைமேல் வெள்ளைத் தோலாக நேற்றைய பசை.
ஆட்காட்டி விரலை வைத்தேன். அதிலும்.
பின்னால் பையோடு இரண்டு பேர் நிற்க,
விரலை நாக்கில் நனைத்து
கண்ணாடியில் அழுத்தி
லேசாகத் திருகி
எண்ணத் தொடங்கினேன்.