நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்

செக்காலை ரோடு கிளை, காலை பத்து பத்து.
பெட்டகச் சாவி என் பேன்ட் பையில்.
உள்ளே நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக
ஊரார் பொன்.
ராத்திரி அப்டேட்டில் போன பிரிண்டர் டிரைவரைத்
திரும்ப ஏற்ற மட்டும்
எனக்கு அனுமதி இல்லையாம்.
கேடயம் ஒன்று எழுந்து வந்து
பெயர் கேட்கிறது, கடவுச்சொல் கேட்கிறது.
என் பெயரைக் கொடுத்தேன்.
அந்தப் பெயர் போதாது.

கோட்டையூர் அடைக்கம்மை
ரசீதில்லாமல் நகர மாட்டார்.
வளையல் கழற்றிய மணிக்கட்டைத்
தேய்த்துக்கொண்டே நிற்கிறார்.

சென்னைக்கு டிக்கெட் போட்டேன்.
ரீஸ்டார்ட் செய்தீர்களா?
செய்தேன்.
வலது கிளிக், நிர்வாகியாக இயக்கு:
மறுபடி அதே கேடயம்.
இடையிடையே பிரின்ட்டை
எத்தனை தடவை தட்டினேனோ.

பன்னிரண்டே முக்காலுக்கு
அம்புக்குறி தானாக நகர்ந்தது.
முகம் தெரியாத எவரோ
எட்டுக் கறுப்புப் புள்ளி வைத்தார்,
வணக்கம்கூடச் சொல்லாமல் போனார்.

பிரிண்டர் இருமியது.
ஒரே ரசீது, பதினோரு தாள்.

அடைக்கம்மை அத்தனையும் வாங்கி
நிதானமாக எண்ணினார்.
“அப்ப, பதினோரு சோடியாத்
திருப்பித் தருவீகளா தம்பி?”