கலம் பதினொன்று

பத்துக் கலம் நிரப்பியாயிற்று.
பெயர் தவ்லத் நிஷா. வயது இருபத்தொன்பது.
தகப்பனார் இபுராகிம் கனி, நெல்பேட்டை,
பழைய இரும்புக்கடைச் சந்தில் மூன்றாவது வீடு.
தற்போதைய இருப்பிடம்:
கம்பிவேலி போட்ட ஏதோ ஒரு முகாம்.
ஊர்ப்பெயரை மூன்று தரம் அடித்துத் திருத்தினேன்.

பதினொன்றில் கேள்வி:
திரும்பி வருவதில் அக்கம்பக்கத்தாருக்கு
ஆட்சேபணை உண்டா / இல்லையா.
தேவையற்றதை அடிக்கவும்.

எதிர்வீட்டு வெல்டிங் பட்டறைக்காரர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்:
"புருசனோட துபாய்னுதான் போச்சு.
அந்தக் கொடிக்குக் கீழ நின்ன போட்டோ
டிவியில வந்தப்பதான் எங்களுக்கே தெரியும்.
அப்புறம் ரெண்டு வருசம்
இந்தச் சந்துப் பயலுக ஒருத்தனுக்கும்
வெளிய வாடகைக்கு வீடு இல்ல சார், பாஸ்போர்ட் இல்ல.
வரட்டும்னு இப்ப நான் சொன்னா
நாளைக்கு என் மகன் பேரையும் எழுதுவீங்க."
எழுதமாட்டேன் என்று சொல்ல
வாய் வரவில்லை.

கனி பாய் டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.
ரேஷன் கார்டை எடுத்துக் காட்டினார்.
நாலாவது பெயர் அவள்.
தலைக்கு அரைக்கிலோ சர்க்கரை;
பத்து வருசமாக அவள் பங்கை வாங்கியதில்லை.
பெயரை நீக்கவும் மனுக் கொடுத்ததில்லை.
"வாங்குனா அவ செஞ்சத ஒத்துக்கிட்ட மாதிரி.
எடுத்துட்டா..."
கார்டை மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

போனில் ஒரு குரல். பேரனாம், ஐந்து வயது.
ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக்கொண்டு வருகிறான்.
ஆறுக்கு அடுத்து எட்டு.
பின்னாலிருந்து ஒரு பெண் திருத்துகிறாள், சிரிக்கிறாள்.
அந்தச் சிரிப்பு என்னை ஏதோ செய்தது.
கோபம் என்றுதான் நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.
படத்தில் அவள் கையில் துப்பாக்கி இல்லை, வாஸ்தவம்.
சமைத்துப் போட்டேன், அவ்வளவுதான் என்கிறாளாம்.
தின்றுவிட்டு எங்கே கிளம்பினார்கள் அவர்கள்?
ஆனால் என்னைக் கேட்கும் கலம்
படிவத்தில் கிடையாது.

சாயங்காலம் ஆபீசில் ஒச்சம்மாள் காத்திருந்தாள்.
உசிலம்பட்டிக்காரி. ஆரப்பாளையத்தில்
ஒரு மெஸ்ஸில் பாத்திரம் துலக்குகிறாள்.
புருசன் காசிமாயன் செத்துவிட்டான் என்று
ஒரு தாள் வேண்டும் அவளுக்கு.
அதே நாடு. கம்பி கட்டப் போனவன்.
அதே கொடி பறந்த வண்டி பஸ்ஸை மறித்து
ஒன்பது பேரை இறக்கிக் கூட்டிப் போயிற்று.
ஏழு வருசம் பொறு என்றது சட்டம். பொறுத்தாள்.
இப்போது தூதரகத்திலிருந்து ஒரு கடிதம் குறைகிறது.

மேசையில் கிடந்த போட்டோவை நான்
கவிழ்த்து வைத்திருக்க வேண்டும்.
யார் இது என்றாள்.
சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

மின்விசிறி இரண்டு தரம் நின்று ஓடியது.
பிறகு கேட்டாள்:
"எங்க பொதச்சாங்கன்னு
இவளுக்குத் தெரிஞ்சிருக்குமா சார்?"

தெரியாது என்றேன். தெரிந்திருக்காது என்றேன்.
எதைச் சொன்னேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

"வரச் சொல்லுங்க.
வெலங்கு மாட்டியே கூட்டியாங்க.
எத்தன வருசம்னாலும் உள்ள போடுங்க,
ஒரு நாள் கூட கொறைக்காதீங்க.
ஆனா இங்க போடுங்க, அரசரடி ஜெயில்ல.
பாத்திரம் வெளக்கிட்டு
நான் நடந்து போயிக் கேக்குற தூரத்துல.
அங்க கெடந்து செத்தான்னா
நான் யார்ட்ட போய்க் கேப்பேன்?"

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.
ஈரம் இல்லாத கை, பழக்கம்.
மனுவின் நகல் இரண்டை வைத்துவிட்டுப் போனாள்.

அக்கம்பக்கம் என்றால் எதுவரை?
பின்பக்கத்துச் சிறு எழுத்துக் குறிப்புகளைத் தேடினேன்.
மை எந்த நிறம் என்று இருக்கிறது.
இது இல்லை.

உண்டு, இல்லை, இரண்டையும் அடித்தேன்.
ஓரத்தில் எழுதினேன்:
ஒச்சம்மாள், க/பெ காசிமாயன், ஆரப்பாளையம்,
விசாரிக்க விரும்புகிறார்.

திருப்பி அனுப்புவார்கள். தெரியும்.
அடுத்த வாரம் மறுபடி அந்தச் சந்துக்குப் போகவேண்டும்.
கனி பாய் டீ சொல்லட்டுமா என்பார்.
இந்தத் தடவை குடித்துவிடுவேனோ
என்றுதான் பயமாக இருக்கிறது.