மூன்றாவது உரை

என்னிடம் இரண்டு உரைகள் உண்டு.
செவ்வாய்க்கிழமைப் பேருந்துக்குப் பிரெஞ்சில் ஒன்று,
வியாழனுக்கு ஆங்கிலத்தில் இன்னொன்று.
ஒரு கையில் குடை, ஒரு கையில் ஒலிவாங்கி,
முதுகுக்குப் பின்னால் எப்போதும் அதே சிங்க மலை.

செவ்வாயில் அவன் பேரரசன்.
இந்த மாயேபூர்க் குடாவில் அவன் கொடி வென்றதைப்
பாரிஸ் வளைவில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்பேன்.
கழுத்துகள் நிமிரும்.
நாலே மாதத்தில் தீவு கைமாறியதைக்
கழிப்பறைக்கு வழி காட்டும் குரலில்
சொல்லிக் கடந்துவிடுவேன்.

வியாழனில் அவன் குள்ளன்.
அழும் பிள்ளையை அடக்க
இங்கிலாந்துத் தாய்மார் சொன்ன பூச்சாண்டி.
ஆகஸ்ட் தோல்வியைச் சுருக்குவேன், டிசம்பரை நீட்டுவேன்.
துறைமுகத்துக்கு வைத்திருந்த அவன் பெயரை
வந்தவர்கள் சுரண்டி எடுத்ததைச் சொன்னால்
சிரிப்பு வரும்,
சில நாள் பத்து பவுண்டும் வரும்.

பொய் இல்லை இரண்டும்.
ஒரே மீன்தான்.
தலை ஒரு பந்திக்கு, வால் ஒரு பந்திக்கு.

பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை, இரண்டாம் எண்.
செவ்வாய்க் கூட்டத்தை மழை வியாழனுக்குத் தள்ளியது.
வியாழன் பேருந்து ரோஸ் பெல் மேட்டில்
புகை கக்கி நின்றது.
"எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றுங்கள், மதாம் வீரப்பென்"
என்றது அலுவலகம்.

காயம்பட்ட இரு தளபதிகளையும்
இந்த ஒரே வீட்டில்தான் கிடத்தினார்கள் என்று தொடங்கினேன்.
அது இரண்டு உரைக்கும் பொது.
பிறகு வாய் நின்றது.
நாற்பது முகங்கள்.
எந்த அவனைச் சொல்ல?

நான் விழிப்பதைக் கண்டு
ஆங்கிலேயர் ஒருவர் கைகொடுக்க வந்தார்.
வீட்டு மாடியில் ஆறாயிரம் ஈயச் சிப்பாய்களாம்.
ஞாயிறுதோறும் வாட்டர்லூவில்
அவனையே ஜெயிக்கவைக்கிறாராம்.
"மேதை" என்றார். கண் கலங்கியிருந்தது.

பின்வரிசையில் ஒருத்தி,
பிரெஞ்சுக் கடவுச்சீட்டு, குவாதலூப் இரத்தம்.
குரலை உயர்த்தவே இல்லை.
"ஒழிந்த அடிமைத்தனத்துக்கு
மறுபடி கையெழுத்துப் போட்ட மேதை.
எட்டு வருஷம் தன் காலில் நடந்தவளைத்
திரும்ப விலைச்சீட்டில் எழுதினார்கள்.
அவள் வழியில் வந்தவள் நான்."
லியோன்காரரான அவள் கணவர் கூரையைப் பார்த்தார்.
ஈயச் சிப்பாய்க்காரர் தொப்பியைக் கழற்றினார்,
ஏனென்று தெரியவில்லை.

"உங்களுக்கு அவர் யார்?"
என்னைத்தான் கேட்டாள்.

எனக்கா?
அவன் பெயர் கொண்ட சட்டத்தின் வழியில்தான்
போர்ட் லூயிஸ் நீதிமன்றம் என் கல்யாணத்தை முறித்தது.
சாலையில் இடப்பக்கம் போவது ஆங்கிலேயர் வழக்கம்,
வீட்டைவிட்டு நான் போனது அவன் சட்டம்.
ஒரு நாள் நன்றிகூடச் சொன்னேன், படியிறங்கும்போது.

அவன் ஆட்களைத் துரத்த வந்த கப்பல்களில்
மதராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள்.
அவன் ஆட்களுக்குச் சுவர் எழுப்பியவர்களில்
காரைக்கால் பேச்சுக்காரர்கள் இருந்தார்கள்,
கூலிக்கு வந்தவர் சிலர், விலைக்கு வந்தவர் சிலர்.
குண்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
"தண்ணி" என்று ஒரே சொல்லில்
யாரோ கேட்டிருப்பார்கள்.
கண்ணாடிப் பெட்டியில் வாள் இருக்கிறது,
பித்தான் இருக்கிறது, உடைந்த கப்பலின் மணி இருக்கிறது.
அந்தச் சொல் இல்லை.

இதில் எதையும் சொல்லவில்லை.
இரண்டு மொழியில் சம்பளம் வாங்கும் வாய்
கிரியோலில் முனகியது:
மோ பா கொனே.
தெரியாது.

ஓட்டுநர் சீரில் ஹாரன் அடித்தான்.
சந்தை முனையில், ஒரே தார்ப்பாயின் கீழ்
நாற்பது பேரும் நனைந்தபடி தால் பூரி தின்றார்கள்.
ஈயச் சிப்பாய்க்காரர் தன் மிளகாய்ப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினார்.
அவள் வாங்கவில்லை.

இரவு குறிப்பேட்டைத் திறந்தேன்.
பேரரசனை அடித்தேன், குள்ளனையும் அடித்தேன்.
ஓரத்தில் தமிழில் 'தண்ணி' என்று எழுதிவிட்டு
செவ்வாய்க்கிழமை அதை எப்படிச் சொல்வது என்று
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
மழை விட்டபாடில்லை.