மூன்றாம் நடைமேடை

எனக்கு இசை இசைந்ததில்லை.
பள்ளியில் சேர்ந்து பாடும்போது ஆசிரியை
குனிந்து காதோடு சொன்னாள்:
"மாய்மு, நீ வாயை மட்டும் அசை."
அசைத்தேன்.
நாடே திரண்டு பாடும் கோடைத் திடலில்
ஐம்பது ஆண்டாக
அசைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.
என் செவிக்கு வயலினும்
தொட்டியில் விழும் கரண்டிகளும் ஒரே சாதி.

இப்படிப்பட்டவளிடம்தான்
தார்த்து மருத்துவமனை நான்காம் மாடியில்
திரீனு என்கிற அந்தச் சின்னப் பெண் சொல்கிறாள்:
"வீட்டில் நீங்கள் அவருக்குப் பாட வேண்டும்."

அவர் என்றால் ஹெய்னோ.
முப்பத்தோராண்டு தாபா நிலையத்தின் ஒலிபெருக்கிக்குள்
குடியிருந்த குரல்.
பிப்ரவரியில் ஒரு காலை,
ஒரு காலுறை போட்டாயிற்று, மற்றது கையில்,
இடது மூளையில் ஏதோ குழாய் அடைத்தது.
தண்ணீர் கேட்க வாயெடுத்தால்
"த", "த", அதற்கு மேல் இல்லை.
கெட்ட வார்த்தை மட்டும் முழுசாக வருகிறது.
பிறந்தநாள் பாட்டும் வருகிறது,
ஒரு எழுத்து பிசகாமல்.

அது எப்படி என்று சண்டைக்குப் போனேன்.
திரீனு ஒரு படம் வரைந்தாள்.
இந்தப் பக்கம் பேச்சு, இங்கே பாலம் இடிந்திருக்கிறது;
அந்தப் பக்கம் பாட்டு, அங்கே ஒரு சுற்றுவழி.
"இவ்வளவு எளிதல்ல, இன்னும் எங்களுக்கே தெரியாது"
என்றும் சொன்னாள்.
அந்த ஒரு வரிக்காக அவளை நம்பினேன்.
ரயில்காரன் பெண்டாட்டிக்குச் சுற்றுவழி புரியாதா?

அவனுடைய இடது கையைப் பிடித்து
மேசையில் தட்டித் தட்டி
மேல் சுரம் ஒன்று, கீழ்ச் சுரம் ஒன்று.
திரீனு முனகினால் அவனும் முனகுகிறான்.
வீட்டில் நான் பாடினேன்.
சிரித்தான், வலது உதடு வராமல், கோணலாக.
பிறகு அழுதான்.
நோயா, என் குரலா, கேட்கவில்லை.

சுரம் போனால் போகட்டும்.
தையல் எந்திரத்தின் மிதி அறிந்த கால் எனக்கு;
இருபத்தாறு வருடச் சம்பளம் அதில்தான் வந்தது.
உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு
அவன் கையைத் தட்டத் தொடங்கினேன்.
பாட்டில்லை, மெட்டில்லை.
அவன் தினமும் சொன்னதைச் சொன்னேன்:
தாபா. தம்சாலு.
நிறுத்தினேன்.
"கில்த்சி" என்றான்.
"ராக்கே. வேகெவா. பேத்யா."
தார்த்து வரை பத்து நிலையமும் வந்து சேர்ந்தபோது
கிழங்கு கருகி, வீடெல்லாம் புகை.

"இது பேச்சில்லை, பழக்கம்" என்றாள் திரீனு.
ஆனால் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டுத் திரும்பினாள்.
"இனி ஒரு பெட்டியைக் கழற்றி
வேறு பெட்டி கோத்துப் பாருங்கள்."

தாபா, தம்சாலு, தண்ணீர்.
தாபா, தம்சாலு, தண்ணீர்.
பதினேழு நாள்.
பதினெட்டாம் நாள் கேட்டுக் குடித்தான்.
கில்த்சியை நாங்கள் இழந்துவிட்டோம்;
அந்த ஊர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும்.
இன்றும் அவன் தாகமெடுத்தால்
தாபாவிலிருந்து புறப்பட்டுத்தான் வர வேண்டும்,
உதட்டுக்குள்ளேயே, யாரும் கேட்காமல்.

என் பெயரை நான் கோக்கவில்லை.
கேட்டு வாங்கவும் வெட்கம்.
ஜூன் மாதம், ஷேவ் செய்துகொண்டே,
தொடையில் தானே தட்டிக்கொண்டு
"ராக்கே, வேகெவா, மாய்மு" என்றான்,
பேத்யாவைத் தூக்கிவிட்டு.
முதல் அசை மேலே, இரண்டாவது கீழே என்று
பிற்பாடு திரீனு விளக்கினாள்.
எனக்கு அது தெரியவில்லை.
வண்டி நின்றது தெரிந்தது.

எல்லா நாளும் நிற்பதில்லை.
சில காலை வேகெவாவைத் தாண்டியதும்
நேரே யோகெவா போய்விடுகிறான்,
நான் இருப்பதே அட்டவணையில் இல்லாததுபோல.
காபியை ஊற்றிவிட்டு
அவன் இடது கையைத் தேடி எடுக்கிறேன்.
தாபா,